டில்பர்ட்டைப் பார்த்துச் சிரிக்கும் கணக்கு டீச்சர்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் அணைத்துவிட்டு வந்து படியுங்கள்.

வங்கியில் மேனேஜராக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் போனில் பேசினாள். நலம் விசாரித்து, முட்டி வலி விசாரித்து, கடைசியில் கேட்டாள்: "டீச்சர், நீங்க ஒரு நாள்கூட ஆபீஸ்ல வேலை பார்த்தது இல்ல. அப்புறம் எப்படி அந்த டில்பர்ட் கார்ட்டூனெல்லாம் உங்களுக்குச் சிரிப்பு வருது? எங்க வீட்டுக்காரர் பிசினஸ்காரர், அவருக்கு ஒண்ணுமே புரியல. இதுல என்ன இருக்குன்னு கேக்கறார்."

நியாயமான கேள்வி. போனில் சொல்லி முடியாது என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் அறிமுகம். டில்பர்ட் என்பது மூன்று கட்டங்களில் முடிந்துவிடும் அமெரிக்கப் படக்கதை. 1989 ஏப்ரல் 16 அன்று செய்தித்தாள்களில் வர ஆரம்பித்தது. வரைந்தவர் ஸ்காட் ஆடம்ஸ். கதாநாயகன் டில்பர்ட் ஒரு பொறியாளர். உருளைக்கிழங்கு மாதிரித் தலை, கண்ணே தெரியாத கண்ணாடி, மார்பில் படியாமல் மேல்நோக்கி வளைந்து நிற்கும் டை. பெரும்பாலான படங்களில் வாயே வரைந்திருக்க மாட்டார்கள். ஆனால் பேசுவார். அவருக்கு ஒரு மேலதிகாரி. வழுக்கைத் தலை, இரண்டு பக்கமும் முடி மட்டும் கொம்பு மாதிரி நிற்கும். அத்தனை வருடமும் அந்த அதிகாரிக்குப் பெயர் கிடையாது. அந்தக் கம்பெனிக்கும் பெயர் கிடையாது. பெயர் வைக்காமல் விட்டது பெரிய கெட்டிக்காரத்தனம். அந்த இடத்தில் அவரவர் தன் மேனேஜர் பெயரைப் போட்டுக்கொள்வார்கள் அல்லவா?

எனக்கு இது வந்து சேர்ந்தது என் அண்ணன் மகன் மூலமாக. 2000ஆம் ஆண்டுவாக்கில் சென்னையில் மென்பொருள் கம்பெனியில் சேர்ந்த புதிதில், லீவுக்கு வந்தவன் ஒரு மேஜை நாட்காட்டியை எங்கள் வீட்டில் விட்டுப் போனான். நம் ஊர் தினசரி காலண்டர் மாதிரியே நாளுக்கு ஒரு தாள் கிழிக்க வேண்டும். ராகு காலம், எமகண்டத்துக்குப் பதிலாக ஒவ்வொரு தாளிலும் ஒரு டில்பர்ட். கிழிக்க மனம் வராமல் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். முதல் பத்து தாளில் சிரிப்பே வரவில்லை. வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தது, எதற்குச் சிரிக்க வேண்டும் என்று தெரியவில்லை. அவர்கள் உட்கார்ந்திருக்கும் அந்தத் தடுப்பு அறைகூட எனக்குப் புதிது. கூரை வரை போகாத, நின்றால் பக்கத்து ஆள் தலை தெரிகிற தட்டி அறை. பிற்பாடு அதன் கதையைப் படித்தேன். 1968இல் ஹெர்மன் மில்லர் என்ற மரச்சாமான் கம்பெனிக்காக ராபர்ட் ப்ராப்ஸ்ட் என்பவர் வடிவமைத்த அமைப்பிலிருந்து வந்ததாம். வேலை செய்கிறவன் தன் வசதிப்படி நகர்த்தி, விரித்து, சுதந்திரமாக இருக்கட்டும் என்றுதான் அவர் தட்டிகளைச் செய்தார். கம்பெனிகள் அதையே நெருக்கி நெருக்கி அடுக்கி, குறைந்த இடத்தில் நிறையப் பேரை அடைக்க வசதி என்று எடுத்துக்கொண்டன. இந்த விவரமே ஒரு டில்பர்ட் மாதிரி இல்லையா?

பதினொன்றாவது தாளோ பன்னிரண்டாவது தாளோ, சட்டென்று பிடிபட்டது. வேலை ஏன் தாமதமாகிறது என்று ஆராய்வதற்குக் கூட்டம் போட்டு, அந்தக் கூட்டத்தினாலேயே வேலை இன்னும் தாமதமாகும் ரகம். அன்றைக்குக் காலையில்தான் எங்கள் பள்ளிக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. முன்பு அனுப்பிய சுற்றறிக்கைகளில் எவை எவை கிடைக்கவில்லை என்பதைப் பட்டியலிட்டு அனுப்பவும் என்று. கிடைக்காத சுற்றறிக்கையில் என்ன இருந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? எழுத்தர் அண்ணாச்சி அசராமல் 'இன்மை' என்று எழுதி அனுப்பிவிட்டார். அதை நினைத்துக்கொண்டு அந்தத் தாளைப் பார்த்தேன். சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்த என் வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார்.

ஆக, ஆபீஸ் என்பது ஏசியும் லிப்ட்டும் இருக்கிற கட்டடம் மட்டும் இல்லை, பிள்ளைகளே. மேலே ஒருவர், கீழே பலர், நடுவில் காகிதம் என்று எங்கே இருந்தாலும் அது ஆபீஸ்தான். பள்ளிக்கூடமும் அப்படித்தான்.

நம் தமிழில் இது இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. விகடன், குமுதத்தில் ஆபீஸ் ஜோக் வராத வாரம் உண்டா? பைல் மேல் தலை வைத்துத் தூங்கும் குமாஸ்தா, பாட்டி செத்துப்போனாள் என்று நாலாவது தடவை லீவு கேட்கிறவர், சிடுமூஞ்சி மேனேஜர், ஸ்டெனோ. சிறுமியாக இருந்தபோது கதையை விட்டுவிட்டு முதலில் அந்தத் துணுக்குகளைத்தான் படிப்பேன். ஆனால் பெரியவள் ஆனபின் ஒன்று உறுத்தியது. அந்த ஜோக்குகளில் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறவர் குமாஸ்தாதான். அவர் சோம்பேறி, அதனால் சிரிப்பு. அப்புறம் அந்த ஸ்டெனோ! எத்தனை படங்களில் அந்தப் பெண்ணை மேனேஜர் மடியில் உட்கார வைத்திருக்கிறார்கள். டைப் அடித்துப் பிழைத்து, தங்கைகளைக் கரையேற்றிய பெண்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் அந்தப் பத்திரிகை வாங்குவார்கள். அதைப் புரட்டும்போது அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

பம்பாயிலும் இதே கதைதான். மரியோ மிராண்டாவின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கோவாக்காரர், என்ன ஒரு கோடு அவருக்கு! அவருடைய ஆபீஸ் படங்களில் முதலாளி, கோட்போலே என்ற அப்பாவிக் குமாஸ்தா, மிஸ் பொன்சேகா என்ற காரியதரிசி. படம் வரைந்த கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் மிஸ் பொன்சேகா என்ன வேலை பார்த்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

டில்பர்ட்டில் ஆலிஸ் என்று ஒரு பெண் பொறியாளர் வருவாள். முக்கோணமாக விரிந்த தலைமுடி. அந்தத் தளத்திலேயே அதிகம் வேலை செய்கிறவள் அவள்தான், அதிகம் கோபப்படுகிறவளும் அவள்தான். வேலையை இவள் முடிப்பாள், பெயர் வேறு யாருக்காவது போகும், முஷ்டியை மடக்குவாள். பெண்ணை வைத்து ஜோக் செய்யாமல், பெண்ணின் கோபத்தை வைத்து ஜோக் செய்ததை நான் முதலில் பார்த்தது அங்கேதான். வீட்டிலும் சமைத்து, பள்ளியிலும் 'டீச்சர்தானே, விழாவுக்குக் கோலம் போட்டுருங்க' என்று கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன எனக்கு அந்த முஷ்டியை ரொம்பப் பிடித்தது. பேத்திக்கு ஆலிஸ் என்று பெயர் வைக்கலாம் என்றேன். மருமகன் சிரிக்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படக்கதை இத்தனை பேருக்குத் தன் கதையாகத் தெரிந்தது எப்படி? உச்சத்தில் இருந்தபோது சுமார் 2000 செய்தித்தாள்களில் வந்தது. ஒரே மனிதருக்கு உலகத்தில் உள்ள ஆபீஸ் எல்லாம் எப்படித் தெரியும்?

அவருக்குத் தெரியாது. நாம்தான் சொன்னோம்.

ஆடம்ஸ் முதலில் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு வங்கியிலும், பிறகு 1986 முதல் 1995 வரை பசிபிக் பெல் என்ற தொலைபேசிக் கம்பெனியிலும் வேலை பார்த்தவர். விடியற்காலையில் எழுந்து படம் வரைந்துவிட்டு வேலைக்குப் போவார். ஆரம்பத்தில் டில்பர்ட் முழுக்க ஆபீஸ் கதையே இல்லை. வீட்டில் டில்பர்ட்டும் அவருடைய நாய் டாக்பர்ட்டும் பேசிக்கொள்ளும் கதைகள்தான் நிறைய. 1993இல் அவர் ஒரு காரியம் செய்தார். படத்தின் ஓரத்திலேயே தன் மின்னஞ்சல் முகவரியை அச்சடித்தார். அப்போது செய்தித்தாள் படக்கதைக்காரர் எவரும் அதைச் செய்ததில்லை. கடிதங்கள் கொட்டின. எழுதியவர்கள் எல்லாம் ஒரே மாதிரிச் சொன்னார்கள்: ஆபீஸில் நடக்கிற கதைதான் பிடிக்கிறது, அதையே போடு. கூடவே தங்கள் ஆபீஸில் நடந்ததையும் எழுதினார்கள். அதன் பிறகுதான் டில்பர்ட் வீட்டை விட்டு ஆபீஸுக்கே குடிபோனது. கேட்பர்ட் என்று ஒரு பூனை வருமே, மனிதவளத் துறையின் தலைவர், அந்தப் பெயர்கூட வாசகர்கள் வைத்ததுதான். சும்மா வந்துபோன பூனையை 'கேட்பர்ட் மறுபடி எப்போ வரும்?' என்று அவர்களாகவே பெயரிட்டுக் கேட்டார்கள். பூனை எலியோடு விளையாடிவிட்டுத்தானே கடிக்கும், அதனால் அதற்கு மனிதவளத் துறையைக் கொடுத்தார் ஆடம்ஸ்.

அதனால் நான் அதை ஒருவர் எழுதிய கதையாகப் பார்ப்பதில்லை. ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. ஆளாளுக்கு ஒரு குடம் ஊற்றினார்கள், அவர் இறைத்துக் கொடுத்தார். 'என் ஆபீஸில் ஒளிந்து நின்று பார்த்தீர்களா?' என்று வாசகர்கள் கேட்டால் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

உண்மையிலிருந்து வந்தது என்பதற்கு வாலி ஒரு சாட்சி. கையில் காப்பிக் கோப்பையோடு சுற்றி வந்து, வேலை செய்யாமல் இருப்பதையே ஒரு கலையாகப் பழகியவர். அவருக்கு மூலம் பசிபிக் பெல்லில் ஆடம்ஸோடு வேலை பார்த்த ஒருவராம். வேலையில் மோசமானவர்களைப் பணம் கொடுத்து வெளியே அனுப்பக் கம்பெனி ஒரு திட்டம் போட்டது. அந்த மனிதர் கணக்குப் போட்டுப் பார்த்தார். எப்படியும் போகத்தான் போகிறோம், மோசமான ஊழியர் என்று பெயர் எடுத்தால் கையில் கணிசமான தொகை. அன்றிலிருந்து மோசமாக வேலை செய்வதற்காக முழுமூச்சாக உழைத்தாராம்! அவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடலாமா? விதி எழுதியவர்கள் எதற்குப் பணம் கொடுத்தார்களோ அதை அவர் செய்தார்.

எந்த எண்ணை அளக்கிறோமோ அதை மட்டும்தான் மனிதர்கள் கூட்டுவார்கள். இது எனக்குக் கணக்கு டீச்சராக நன்றாகத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டது எப்படி என்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த மூன்று பள்ளிகளில் ஒன்றில் நடந்தது. எது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். தொண்ணூறுகளின் நடுவில், டில்பர்ட் பெயரையே நான் கேள்விப்படாத காலம்.

அந்த வருடம் பத்தாம் வகுப்பில் 100 சதவீதத் தேர்ச்சி காட்டியாக வேண்டும் என்று முடிவாயிற்று. சதவீதம் கூட இரண்டு வழி உண்டு என்று உங்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தொகுதியைக் கூட்டலாம், அல்லது பகுதியைக் குறைக்கலாம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் 11 பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டுவிட்டார்கள். 'டிசி வாங்கிக்கிட்டு, பிரைவேட்டா எழுத வைங்க' என்று தன்மையாகவே சொன்னார்கள். பெற்றோரில் பாதிப்பேர் கைநாட்டு. டிசி என்றால் ஏதோ சர்ட்டிபிகேட், நல்லதுதான் போல என்று நினைத்து ஒரு அம்மா கும்பிட்டுவிட்டுப் போனார். நான் வராண்டாவில் நின்று பார்த்தேன்.

ஆசிரியர் ஓய்வறையில் யாரும் பேசவில்லை. ஆளுக்கு ஒரு கட்டு பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு திருத்துவதுபோல் உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஓவிய ஆசிரியர் எழுந்தார். ரொம்பச் சாதுவான மனிதர், சத்தமாகத் தும்மக்கூட மாட்டார். அங்கே இருந்த கரும்பலகையில் பத்தே நிமிடத்தில் ஒரு டவுன் பஸ் வரைந்தார். கண்டக்டர் படியில் நின்றுகொண்டு சின்னப் பிள்ளைகளை ஒவ்வொருவராக வெளியே இறக்கிவிடுகிறார். கையில் டிக்கெட் கட்டுக்குப் பதிலாக டிசி புத்தகம். பஸ் நெற்றியில் ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'பயணிகள் 100 சதவீதம் ஊர் சேர்ந்தனர்' என்று போட்டிருந்தார். கண்டக்டரின் கண்ணாடி எங்கள் தலைமை ஆசிரியருடைய கண்ணாடி மாதிரியே இருந்தது. கேட்டதற்கு, 'ஏழாம் நம்பர் பஸ் கண்டக்டர் சார், அவருக்கும் அப்படித்தான் கண்ணாடி' என்று சாதித்துவிட்டார்.

முதலில் சிரித்தவர் உடற்பயிற்சி ஆசிரியர். விளையாட்டு விழாவில் பந்தல் யார் போடுவது என்று சண்டை வந்து, அவரும் ஓவிய ஆசிரியரும் இரண்டு வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தோம். அடக்க முடியவில்லை. தமிழாசிரியர் அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது. அப்புறம் உடற்பயிற்சி ஆசிரியர், "அதுல ரெண்டு பேரு என் கபடிப் பசங்க சார்" என்றார். இரண்டு வருடம் கழித்து அவர் இவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

சிரிப்பதற்கு முன்னால் எங்களில் யார் என்ன நினைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் மட்டும்தான் கொதிக்கிறேன் என்றுகூட நினைத்திருந்தேன். படத்தைப் பார்த்து யார் யார் சிரித்தார்கள் என்பதில் தெரிந்துவிட்டது. சிரிக்காமல் வெளியே போன இரண்டு பேரையும் தெரிந்தது.

மத்தியானம் தலைமை ஆசிரியர் வந்து பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சுற்றறிக்கை வந்தது: ஓய்வறைக் கரும்பலகையைக் கற்பித்தல் தொடர்பான பணிகளுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், அனைவரும் படித்துக் கையொப்பமிடவும். ஓவிய ஆசிரியர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார், கோழிக்குஞ்சு மாதிரி அழகான எழுத்தில்.

நாங்கள் நாலு பேர் அன்று சாயங்காலம் அவர் அறைக்குப் போனோம். தினமும் ஒரு மணி நேரம் இருந்து இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறோம், எழுத விடுங்கள் என்றோம். தோற்றால் நாங்களே பொறுப்பு என்று எழுதிக் கேட்டார், எழுதிக் கொடுத்தோம். அதற்குள் நாலு பேர் டிசி வாங்கிப் போய்விட்டிருந்தார்கள். மீதி ஏழு பேர் எழுதினார்கள். ஐந்து பேர் தேறினார்கள். பள்ளிக்கு 100 கிடைக்கவில்லை. கல்வி அலுவலகக் கூட்டத்தில் தலைமை ஆசிரியரை எழுப்பி நிறுத்தி வைத்துப் பேசினார்களாம். திரும்பி வந்தவர் ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுக்கவில்லை. டில்பர்ட்டிலும் அந்தக் கொம்புமுடி அதிகாரிக்கு மேலே ஒரு பெரிய அதிகாரி உண்டு. அவர் அறைக்குப் போகும்போது கொம்புமுடிக்காரரும் நடுங்குவார்.

போன நாலு பேரில் ஒருவனை மட்டும்தான் பிறகு பார்த்தேன். பஸ் நிலையத்தில் ஓடி வந்து என் பையை வாங்கிக்கொண்டான். லேத் பட்டறையில் இருப்பதாகச் சொன்னான். பஸ் கிளம்பும் வரை நின்றான். பள்ளிக்கூடத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சரி, சிரித்து என்ன ஆகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவிலேயே நார்மன் சாலமன் என்ற பத்திரிகையாளர் 1997இல் டில்பர்ட்டை எதிர்த்து ஒரு புத்தகமே எழுதினார். தொழிலாளி சிரித்துவிட்டுப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறான், முதலாளிகளுக்கு இதில் நஷ்டமே இல்லை, லாபம்தான், என்பது அவர் கட்சி. பாதி சரி. குக்கர் விசில் அடிப்பதால் வெடிக்காமல் இருக்கிறது, அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் அவர் மறந்த விஷயம் ஒன்று உண்டு என்பேன். விசில் சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். எங்கள் உடற்பயிற்சி ஆசிரியருக்குக் கேட்டது மாதிரி.

முதலாளிகளுக்கு நஷ்டமே இல்லை என்றால் 2007இல் நடந்தது ஏன் நடந்தது? அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சூதாட்ட விடுதி. மூடப் போகிறோம், 170 பேருக்கு வேலை போகும் என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. அங்கே ஏழு வருடம் வேலை பார்த்த ஒருவர் அறிவிப்புப் பலகையில் ஒரு டில்பர்ட்டை ஒட்டினார். மேலே இருப்பவர்களின் முடிவுகள் எல்லாம் குடித்துவிட்ட ஏதோ விலங்கு எடுத்ததுபோல் இருக்கின்றன என்று கேலி செய்யும் படம் அது. யார் ஒட்டியது என்று நிர்வாகம் கண்காணிப்பு கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து, அவரை வேலையை விட்டு நீக்கியது. அதோடு விடவில்லை. வேலையிழந்தோருக்கான அரசு உதவித்தொகையும் அவருக்குக் கொடுக்கக் கூடாது என்று வழக்காடியது. விசாரித்த நீதிபதி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். ஆடம்ஸ் காதுக்கு இது போனது. உடனே டில்பர்ட்டிலேயே வாலி ஒரு கார்ட்டூனை ஒட்டி மாட்டிக்கொள்வதாக வரைந்துவிட்டார். பொதுக்கிணறு என்றேனே, அது இதுதான். சும்மா சிரிப்பு என்றால் கேமராவை எதற்கு ஓட்டிப் பார்த்தார்கள்?

அந்த ஊழியர் தன் வாயால் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் அது திமிர். செய்தித்தாளில் எவனோ வரைந்ததை ஒட்டினால் 'நான் சொல்லலியே, பேப்பர்ல போட்டிருக்கு' என்று சொல்லலாம். நம் ஊரில் மாமியாரைப் பேச முடியாத மருமகள் பூனையைத் திட்டுவாளே, அந்த வழி. லட்சுமண் 1951இலிருந்து வரைந்த பொது மனிதர், வேட்டி கட்டிக்கொண்டு கட்டம்போட்ட கோட்டோடு நிற்பாரே, அவர் வாயே திறக்க மாட்டார். டில்பர்ட்டுக்குப் பெரும்பாலும் வாயே வரையவில்லை. வாயைத் திறக்க முடியாத இடத்தில் நிற்கிறவர்களுக்கு இவர்கள் இரண்டு பேரையும் பிடித்துப் போனது இயற்கைதான்.

என் அண்ணன் மகனுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1996இல் அசோக் என்று ஒரு பயிற்சியாளன் டில்பர்ட்டில் வந்து சேர்ந்தான். இந்தியன், ஐஐடியில் படித்தவன். எல்லோரையும்விட மூளைக்காரன், ஆனால் எடுபிடி. ஆடம்ஸ் தன்னோடு வேலை பார்த்த ஒருவரின் பெயரைத்தான் வைத்தாராம். அசோக்கைப் பார்த்து இவனுக்கு ஒரே பெருமை. ஆனால் அதே கதையில் எல்போனியா என்ற கற்பனை நாடும் வரும். இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டே வாழும் ஜனங்கள். கம்பெனி செலவைக் குறைக்க வேலையை அங்கே தள்ளிவிடும். "அத்தை, நல்லாப் பாருங்க, அந்தச் சேத்து நாடும் நாமதான்" என்றான் ஒரு நாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

இப்போது அவனே மேனேஜர். அவனுக்குக் கீழே 40 பேர். தலையில் முடி நடுவில் போய் இரண்டு பக்கமும் மட்டும் இருக்கிறது, மரபு அப்படி, எங்கள் அப்பாவுக்கும் அதே. போன வருடம் அவன் டீம் பிள்ளைகள் காப்பி இயந்திரத்துக்கு மேலே கொம்புமுடி அதிகாரி படத்தை ஒட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டம் போடுவதைக் கிண்டல் செய்திருந்தார்களாம். எனக்குப் போன் போட்டு, "அத்தை, எடுக்கச் சொல்லட்டுமா, பார்க்காத மாதிரி இருந்துடட்டுமா?" என்றான். "கூட்டத்தை எடுத்துடு, படம் தானா விழுந்துடும்" என்றேன். வியாழக்கிழமைக்கு மாற்றியிருக்கிறானாம்.

பள்ளிக்கூடத்துக்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல். ஒவ்வொருவரும் தனக்குத் தகுதியில்லாத பதவி வரும் வரைக்கும் உயர்ந்துகொண்டே போவார்கள், அங்கே போய் நின்றுவிடுவார்கள் என்று ஒரு தத்துவம் உண்டு. 1969இல் அதைப் புத்தகமாக எழுதிய லாரன்ஸ் பீட்டர் ஒரு ஆசிரியர். பள்ளிகளில் பார்த்த உதாரணங்கள் அதில் நிறைய. 1996இல் ஆடம்ஸ் அதைத் திருப்பிப் போட்டு, இப்போதெல்லாம் உருப்படாதவரை நேரடியாகவே மேலே அனுப்பிவிடுகிறார்கள், அங்கேதான் சேதாரம் குறைவு என்று எழுதினார். நம் பள்ளிகளில் சீனியாரிட்டி என்பதால் இரண்டு தத்துவமும் செல்லாது. வயதானால் எல்லோரும் எச்.எம்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் விட்டால் விவரம் தெரிந்த பிள்ளைகள் என்னைக் கேட்பீர்கள். 2023 பிப்ரவரியில் ஆடம்ஸ் தன் காணொளி நிகழ்ச்சியில் கறுப்பின மக்களைப் பற்றி மிக மோசமாகப் பேசினார். வெள்ளையர்கள் அவர்களை விட்டு விலகிப் போய்விட வேண்டும் என்கிற அளவுக்கு. நூற்றுக்கணக்கான செய்தித்தாள்கள் டில்பர்ட்டை நிறுத்தின. விநியோகித்த நிறுவனமும் கைகழுவிவிட்டது. நிறுத்தியது சரி என்பது என் கட்சி. பேசியதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆலிஸையும் அசோக்கையும் வரைந்த கை, யார் யாரோடு நிற்க வேண்டும் என்று தோல் பார்த்து ஆள் பிரித்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதற்காக அந்த நாட்காட்டித் தாள்களை நான் எரிக்கவில்லை. அதற்குள் இருப்பது கடிதம் போட்ட ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்களின் கதை. அதில் கறுப்பர்களும் இருந்திருப்பார்கள், நம்மவர்களும் இருந்திருப்பார்கள்.

வங்கி மேனேஜரம்மா, உன் கேள்விக்குப் பதில் வந்துவிட்டதா? உன் வீட்டுக்காரரிடம் சொல், சொந்தத் தொழில் செய்கிறவருக்கு இது புரியாமல் இருப்பது அவர் செய்த புண்ணியம். ஆனால் அவர் கடையில் வேலை பார்க்கிற பையன்களிடம் ஒரு படத்தைக் காட்டிப் பார்க்கச் சொல்.

மற்றவர்கள் உங்கள் ஆபீஸில் சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது, எந்தச் சுற்றறிக்கையைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்று எழுதுங்கள். வெளியே தெரியக் கூடாது என்றால் இன்பாக்ஸில் போடுங்கள். மேனேஜர் பெயர் வேண்டாம். அவரும் என் மாணவராக இருந்து தொலைக்கலாம்.